மிச்ச ஹைட்ரஜனை என்ன செய்வீர்கள்? சின்கேஸ் கலவைக்கு ஓர் ஒப்பீடு

அக்கா மகன் மூன்று கொட்டேஷன்களை வாட்ஸ்அப்பில் தள்ளிவிட்டு, கீழே ஒரே ஒரு வரி எழுதியிருந்தான்: “மாமா, இதுல எதை எடுக்கலாம்?” கடலூர் சிப்காட்டில் அவன் வேலை பார்க்கும் கம்பெனி, ஓலிஃபின் என்ற ஹைட்ரோகார்பனோடு சின்கேஸைச் சேர்த்து ஆல்டிஹைடு செய்யும் ஒரு சிறிய யூனிட் போடப்போகிறது. மணிக்கு 600 கனமீட்டர் சின்கேஸ் வேண்டும். அதில் ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் சரிபாதியாக இருக்க வேண்டும். மூன்று பேருமே ஒன்றுக்கு ஒன்று தருவதாகத்தான் எழுதியிருந்தார்கள். ஒருவர் ரிஃபார்மருக்குள் (எரிவாயுவையும் நீராவியையும் சூடாக்கிச் சின்கேஸ் ஆக்கும் உலை) கார்பன் டை ஆக்சைடை விட்டுக் கலவையைச் சரிக்கட்டுகிறார். இன்னொருவர் வழக்கமான ரிஃபார்மரைப் போட்டுவிட்டு, கடைசியில் மெம்பிரேன் என்ற சவ்வு வைத்துக் கூடுதல் ஹைட்ரஜனை உருவுகிறார். மூன்றாமவர் ஆக்சிஜன் கொடுத்துப் பாதி எரித்தே வாயுவைச் செய்கிறார்.

முப்பது வருடம் ரிஃபார்மர் ஓரத்தில் வெந்தவனுக்கு ஓய்வுக் காலத்தில் இதைவிட நல்ல பொழுதுபோக்கு கிடைக்காது. அன்று சாயங்காலமே முதுநகரில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம். கொட்டேஷன்களைப் பிரிப்பதற்கு முன்னால் அவனிடம் ஒன்று கேட்டேன்: “ஆல்டிஹைடாவே விக்கப்போறீங்களா, ஆல்கஹால் ஆக்கி விக்கப்போறீங்களா?”

“அது சேல்ஸ்காரங்க பாத்துக்குவாங்க மாமா. நம்மகிட்ட கேட்டது கேஸ் மட்டுந்தான்.”

“கேஸே அதுலதான் இருக்கு மாப்ளே.”

அவனுக்குப் புரியவில்லை. பேப்பரில் கணக்குப் போட்ட பிறகுதான் புரிந்தது. அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன். விலை எதையும் எழுதவில்லை. எரிவாயு விலையை இன்று எழுதினால் நாளைக்குப் பொய்யாகிவிடும்.

கணக்கு

மீத்தேனையும் நீராவியையும் நிக்கல் வினையூக்கியின் மேல் 850 டிகிரிக்கு மேல் சூடாக்கினால், ஒரு பங்கு கார்பன் மோனாக்சைடுக்கு மூன்று பங்கு ஹைட்ரஜன் கிடைக்கும். இது காகிதத்தில். நிஜத்தில் நீராவியைக் கூடுதலாக விடுவதால் மோனாக்சைடில் ஒரு பகுதி நீராவியோடு மறுபடி சேர்ந்து டை ஆக்சைடாகவும் ஹைட்ரஜனாகவும் மாறும். ஈரத்தை நீக்கிப் பார்த்தால் 100 பங்கில் ஹைட்ரஜன் 73, மோனாக்சைடு 14, டை ஆக்சைடு 8, வினை நடக்காத மீத்தேன் 5 என்ற அளவில் நிற்கும். அதாவது ஒன்றுக்கு ஐந்துக்கும் மேல். அந்த டை ஆக்சைடை அமீன் கரைசலில் பிடித்து ரிஃபார்மருக்கே திருப்பி அனுப்பினால் அது ஒன்றுக்கு மூன்றுக்கு வந்துவிடும்.

ஆல்டிஹைடு செய்யும் வினை 1938-ல் ஜெர்மனியில் ஓட்டோ ரோலன் கண்டுபிடித்தது. அது ஒரு மோனாக்சைடுக்கு ஒரு ஹைட்ரஜன்தான் தின்னும். எனவே மூன்றில் இரண்டு மிச்சம். ஆனால் அதே ஆல்டிஹைடை ஆல்கஹால் ஆக்க வேண்டுமென்றால் இன்னொரு ஹைட்ரஜன் வேண்டும், அதுவும் சுத்தமான ஹைட்ரஜனாக. அப்போது மிச்சம் ஒன்றே ஒன்று. விற்கும் சரக்கின் பெயர் மாறினால் மிச்சம் பாதியாகிறது. மிச்சம் மாறினால், எந்த இயந்திரம் வாங்குவது என்பதும் மாறுகிறது.

கடலூர்க் கணக்கில் பார்ப்போம். மணிக்கு 300 கனமீட்டர் மோனாக்சைடு வேண்டும் என்றால், கூடவே 900 கனமீட்டர் ஹைட்ரஜன் பிறக்கும். ஆல்டிஹைடு மட்டும் என்றால் 600 மிச்சம். ஆல்கஹாலும் என்றால் 300. மிச்சத்தை அடுப்பில் எரிக்கலாம். ஆனால் ஒரு கனமீட்டர் ஹைட்ரஜனின் வெப்பம் மீத்தேனில் மூன்றில் ஒரு பங்கை விடக் குறைவு. 300 கனமீட்டரை எரித்தால் 90 கனமீட்டர் எரிவாயு மிச்சப்படும், அவ்வளவே. ரிஃபார்மரின் அடுப்பு இந்த 300-ஐச் சத்தமில்லாமல் தின்றுவிடும். 600 என்றால், அடுப்பின் பசியைத் தாண்டிப் போகும் நேரங்கள் வரும். மிச்ச வாயுவை வெளியே எரித்துவிடும் ஃபிளேர் தெரியும்.

ஆவியைத் திருகினால் போதாதா?

எங்கள் பிளான்டில் புதிதாகச் சேர்ந்த எஞ்சினியர்கள் எல்லோரும் முதலில் கேட்பது இதுதான். நீராவியைக் குறைத்தால் மோனாக்சைடு கூடும், கூட்டினால் ஹைட்ரஜன் கூடும். பிறகு ஏன் தனியாக இன்னொரு இயந்திரம்?

ஒரு அளவு வரைக்கும் உண்மை. ஆனால் நீராவிக்கும் கார்பனுக்கும் உள்ள விகிதம் 2.5 முதல் 3 வரை வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. அதற்குக் கீழே போகப் போக, நிக்கலின் மேல் கரி படியத் தொடங்கும். நிக்கலில் கரி வளர்ந்தால் வினையூக்கியின் மணிகள் நொறுங்கும், குழாயில் அடைப்பு வரும், அடைத்த இடத்தில் குழாய் சூடேறும். பீப் ஹோல் வழியாகப் பார்த்தால் சிவப்புக் குழாயில் பளிச்சென்று பட்டை பட்டையாகத் தெரியும். இந்தக் குழாய்களை 1,00,000 மணி நேரம் உழைக்கும் என்று கணக்குப் போட்டுச் செய்கிறார்கள். சுவர் 20 டிகிரி கூடுதலாகச் சூடானால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும் என்பது எங்கள் தொழிலில் வாய்ப்பாடு மாதிரி. விகிதத்தைப் பிடிக்க ஆவியைக் குறைப்பது, கடனை அடைக்கத் தாலியை அடகு வைக்கிற கதை.

இன்னொரு விஷயமும் உண்டு. மெத்தனால் செய்பவர்கள் ஹைட்ரஜனிலிருந்து டை ஆக்சைடைக் கழித்து, அதை இரண்டு ஆக்சைடுகளின் கூட்டுத்தொகையால் வகுத்துப் பார்ப்பார்கள். அந்த எண் 2-ஐ ஒட்டி, அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும். மேலே சொன்ன எண்களைப் போட்டுப் பாருங்கள்: 73-லிருந்து 8 போனால் 65, 14-உம் 8-உம் 22, வகுத்தால் 3-ஐ ஒட்டி வரும். ஆவியைக் கூட்டுங்கள், குறையுங்கள், சூட்டை மாற்றுங்கள், அழுத்தத்தை ஏற்றுங்கள். வெறும் மீத்தேனும் நீராவியும்தான் உள்ளே போகிறது என்றால் அந்த எண் 3-ஐ விட்டு அசையாது. உள்ளே போன அணுக்களின் கணக்கு அது. அதை மாற்ற வேண்டுமென்றால் வெளியிலிருந்து கார்பனோ ஆக்சிஜனோ வர வேண்டும், இல்லாவிட்டால் ஹைட்ரஜன் வெளியே போக வேண்டும். நாலாவது வழி கிடையாது. மூன்று கொட்டேஷன்களும் சரியாக இந்த மூன்று வழிகளில் ஒவ்வொன்றாக வந்திருந்தன என்பதை அவன் அப்போதுதான் கவனித்தான்.

டை ஆக்சைடை உள்ளே விடுவது

காகிதத்தில் இதுதான் அழகு. மூன்று மீத்தேன், இரண்டு நீராவி, ஒரு டை ஆக்சைடு என்று விட்டால் நாலு மோனாக்சைடும் எட்டு ஹைட்ரஜனும் வரும். கச்சிதமாக ஒன்றுக்கு இரண்டு. 1994-ல் வேதியியல் நோபல் வாங்கிய ஜார்ஜ் ஓலா இந்தக் கலவைக்கு மெட்கேஸ் என்று பெயர் வைத்தார். இன்னும் மேலே போய் நீராவியே இல்லாமல் மீத்தேனுக்குச் சமமாக டை ஆக்சைடை விட்டால் ஒன்றுக்கு ஒன்று. மிச்சமே இல்லை. மோனாக்சைடில் பாதி டை ஆக்சைடிலிருந்து வருவதால், நமக்கு வேண்டிய 300 கனமீட்டருக்கு மீத்தேன் 150 போதும். முதல் கொட்டேஷன்காரர் இந்த எண்ணைத்தான் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்.

அவர் சின்ன எழுத்தில் போட்டதைப் பார்ப்போம். நீராவி இல்லாமல் ஓட்டினால் கரி படியும். எனவே நிஜத்தில் நீராவியும் போகும். நீராவி போனால் விகிதம் ஏறும். அதை இறக்க டை ஆக்சைடை இன்னும் அதிகமாக விட வேண்டும். அதில் பெரும்பகுதி வினையாற்றாமல் வெளியே வரும். அதை அமீனில் பிடித்து, அழுத்தி, திரும்ப முன்னால் அனுப்ப வேண்டும். அமீன் கோபுரம் பெரிதாகும், கம்ப்ரஸர் பெரிதாகும், அமீனைச் சூடாக்கும் ரீபாய்லருக்கு ஆவி கூடும். கரிக்குப் பயந்து நிக்கலின் ஒரு பகுதியை வேண்டுமென்றே கந்தகத்தால் மூடி ஓட்டும் முறையும் உலகத்தில் உண்டு. ஆனால் நம் யூனிட்டில் பின்னால் ரோடியம் வினையூக்கி காத்திருக்கிறது. கந்தகம் என்றாலே அதற்கு ஆகாது. ரோடியத்தின் விலை தெரிந்தவர்கள் அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்க மாட்டார்கள்.

மோனாக்சைடு அதிகமாகவும் நீராவி குறைவாகவும் இருக்கும் வாயு, ரிஃபார்மரிலிருந்து வெளியே வந்து 800-லிருந்து 450 டிகிரி வரை குளிரும் இடத்தில் உலோகத்தை அரிக்கும். உலோகம் கரித்தூளாகவும் இரும்புத்தூளாகவும் உதிரும். அந்த வாயுவைக் குளிர்விக்கும் பாய்லரின் வாய்ப்பகுதியில்தான் முதலில் தெரியும். முதல் கொட்டேஷனில் அந்த இடத்துக்கு என்ன உலோகம் போடுகிறார்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. இதை நான் குறையாகவே எழுதிக் கொடுத்தேன்.

பிறகு டை ஆக்சைடு எங்கிருந்து வரும்? 150 கனமீட்டர் என்றால் மணிக்கு 300 கிலோ, நாளைக்கு ஏழு டன். கரும்பு நம் மாவட்டத்துப் பயிர்; மொலாசஸ் நொதித்துச் சாராயமாகும்போது ஒரு டன் சாராயத்துக்கு ஏறக்குறைய அதே எடை டை ஆக்சைடு எழும்பும், அதுவும் சுத்தமாக. நெல்லிக்குப்பம் பக்கம் விசாரித்துப் பார் என்று சொன்னேன். ஆனால் டேங்கரில்தான் வர வேண்டும். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியபோது ரோட்டில் விழுந்த மரங்களை வெட்டி எடுக்கவே எத்தனை நாள் ஆனது என்பது இங்கே எல்லோருக்கும் நினைவிருக்கும். டேங்கர் வராத அன்று விகிதம் தானாக மேலே ஏறும். அதைப் பிடிக்க வேறு ஆயுதம் இந்தக் கொட்டேஷனில் இல்லை.

மெத்தனால் செய்பவர்களுக்கு மட்டும் கதை வேறு. அவர்கள் டை ஆக்சைடை ரிஃபார்மருக்குள் விடக்கூட வேண்டாம். பின்னால் கம்ப்ரஸரின் வாயில் விட்டாலும் போதும். மெத்தனால் வினையூக்கி டை ஆக்சைடையும் தின்னும். நம் 100 பங்கு வாயுவில் ஏழு பங்கு சேர்த்தால் 3 இறங்கி 2-க்கு வந்துவிடும். கூடுதலாகக் கொஞ்சம் தண்ணீர் பிறக்கும், வடிக்க வேண்டும். ரிஃபார்மரைத் தொடாமல் வேலை முடிகிறது. அவர்களுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு இதைச் சொல்வேன். ஆல்டிஹைடுக்காரர்களுக்கு அந்த வசதி இல்லை.

ஹைட்ரஜனை உருவுவது

மெம்பிரேன் என்பது தலைமுடி கனத்தில் உள்ளீடற்ற பாலிமர் நூல்களை ஆயிரக்கணக்கில் கட்டி உருளைக்குள் அடைத்தது. அழுத்தத்தோடு வாயுவை விட்டால் ஹைட்ரஜன் சுவரைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய்விடும்; மோனாக்சைடும் மீத்தேனும் பெரும்பாலும் இந்தப் பக்கமே நிற்கும். இதில் எனக்குப் பிடித்த விஷயம், நமக்கு வேண்டிய சின்கேஸ் அழுத்தம் குறையாத பக்கத்தில் நிற்கிறது. ரோடியம் வைத்து ஆல்டிஹைடு செய்யும் ரியாக்டர் 20 பாருக்குக் கீழேதான் ஓடும். ரிஃபார்மரை அதற்குத் தகுந்தபடி ஓட்டினால் நடுவில் கம்ப்ரஸரே வேண்டாம். உருவிய ஹைட்ரஜன் அழுத்தம் குறைந்து வரும். அடுப்புக்கு அது போதும். ஆல்கஹால் செய்ய வேண்டுமென்றால் அதற்கு மட்டும் ஒரு கம்ப்ரஸர்.

பி.எஸ்.ஏ. (அழுத்தத்தை ஏற்றி இறக்கி, மற்ற வாயுக்களைப் படுகைகளில் ஒட்டவைத்து ஹைட்ரஜனைப் பிரிக்கும் முறை) இதற்கு நேர் எதிர். ஹைட்ரஜன் 99.99 சதவீதத்துக்கு மேல் சுத்தமாக, அழுத்தத்தோடு வரும். மோனாக்சைடு, மீத்தேன், மிச்ச ஹைட்ரஜன் எல்லாம் கழிவு வாயுவாகக் காற்றழுத்தத்தை ஒட்டி வெளியேறும். படுகைகள் மாறி மாறி ஓடுவதால் அந்தக் கழிவின் கலவை நிமிடத்துக்கு நிமிடம் ஊசலாடும். ஹைட்ரஜன் வேண்டியவனுக்கு பி.எஸ்.ஏ.; சின்கேஸ் வேண்டியவனுக்கு மெம்பிரேன். இரண்டும் வேண்டுமென்றால் முதலில் மெம்பிரேன், அது உருவியதன் பின்னால் பி.எஸ்.ஏ. இந்த வரிசையை மாற்றிக் கேட்டு வாங்கியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

கோல்ட் பாக்ஸ் பற்றி ஒரு வரி போதும்: வாயுவை மைனஸ் 190 டிகிரி வரை குளிர்வித்து மோனாக்சைடைத் திரவமாக்கிப் பிரிப்பது. சுத்தமான மோனாக்சைடு வேண்டியவர்களுக்கு அதுதான் ராஜா. நம் அளவுக்கு யானையைக் கட்டித் தீனி போடுகிற வேலை.

மெம்பிரேனுக்கு இரண்டு பலவீனங்கள். ஒன்று, ஈரத்துளி ஆகாது. அமீன் கோபுரத்தில் நுரை கிளம்பித் துளிகள் அடித்துக்கொண்டு வந்தால் நூல்கள் கெட்டுப்போகும். முன்னால் நல்ல ஃபில்டரும், வாயுவைக் கொஞ்சம் சூடேற்றி அனுப்ப ஒரு ஹீட்டரும் கட்டாயம். இரண்டாவது, டை ஆக்சைடும் ஹைட்ரஜனோடு சேர்ந்து ஓரளவு கசிந்து போகும். எனவே அமீன் சரியாக வேலை செய்ய வேண்டும். மற்றபடி கட்டுப்பாடு சுகம். ஹைட்ரஜன் பக்கத்து வால்வைக் கொஞ்சம் மூடினால் அங்கே எதிரழுத்தம் ஏறி, உருவும் அளவு குறையும், திறந்தால் கூடும். நொடிகளில் பலன் தெரியும். ரிஃபார்மரைத் திருகி விகிதத்தை மாற்றினால் அது நிலைப்பட எவ்வளவு நேரம் என்று கேட்டால், ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போய்விடலாம். டிகாஷனைத் திக்காக இறக்கி வைத்துக்கொண்டு, டம்ளருக்கு டம்ளர் பாலைக் கூட்டிக் குறைப்பதுதான் நம் ஊர் டீ மாஸ்டரின் வித்தை. ஃபில்டரிலேயே எல்லோருக்கும் ஏற்றபடி இறக்கப் பார்ப்பதில்லை அவர்.

ஆக்சிஜன் வழி

மூன்றாவது கொட்டேஷனை அதிகம் புரட்டவில்லை. மீத்தேனை ஆக்சிஜனில் அரைகுறையாக எரித்தால் 1.8 அளவில் விகிதம் கிடைக்கும். வினையூக்கி வேண்டாம், வெளி அடுப்பு வேண்டாம். பெரிய ஆலைகளில் இதற்கு இணை இல்லை. ஆனால் மணிக்கு 600 கனமீட்டருக்குக் காற்றைப் பிரிக்கும் ஆலை போட முடியாது. திரவ ஆக்சிஜனை டேங்கரில் வாங்க வேண்டும். அதற்குப் பதிலாக சிறிய ஆக்சிஜன் இயந்திரம் தருகிறோம் என்று எழுதியிருந்தார். அது தரும் ஆக்சிஜன் 93 சதவீதம். மிச்சம் பெரும்பாலும் ஆர்கான். அந்த ஆர்கான் சின்கேஸோடு போய் ரியாக்டரில் சேரும், வெளியே ஊதித் தள்ள வேண்டும், தள்ளும்போது நல்ல வாயுவும் போகும். அதோடு விகிதம் 1.8-லிருந்து 1-க்கு வர எப்படியும் மெம்பிரேன் வேண்டும். மடித்து வைத்துவிட்டேன்.

கேட்டிலேயே ஒரு வால்வு

கொட்டேஷன்களில் இல்லாத ஒன்றை நான் சேர்த்தேன்: உள்ளே எதை விடுகிறோம் என்பதே கலவையின் முதல் வால்வு. எண்ணூரில் 2019-லிருந்து எல்.என்.ஜி. முனையம் ஓடுகிறது, அங்கிருந்து தெற்கே வரும் குழாய்ப் பாதையில் புதுச்சேரியும் உண்டு. ஆனால் குழாய் பாதையில் இருப்பதும், நம் கேட்டுக்குள் மீட்டர் ஓடுவதும் வேறு வேறு. எழுத்தில் தேதி வாங்காமல் மீத்தேனை நம்பாதே என்றேன்.

எல்.பி.ஜி. வைத்து ஓட்டினால்? புரொப்பேனில் மூன்று கார்பனுக்கு ஏழு ஹைட்ரஜன் கிடைக்கும், விகிதம் 2.33. பியூட்டேனுக்கு 2.25. பிறக்கும்போதே ஹைட்ரஜன் குறைவு. ஆல்கஹால் வரை போகிறவர்களுக்குத் தேவை மொத்தம் 2, மிச்சம் கொஞ்சமே. ஆனால் கனமான எரிபொருள் என்பதால் கரிப் பயம் கூடுதல். ஆவி அதிகமாக விட வேண்டும், முன்னால் கனமான எரிபொருளை முதலில் உடைக்க ஒரு பிரீ-ரிஃபார்மர் வைக்க வேண்டும், வாசனைக்காகச் சேர்த்திருக்கும் கந்தகத்தைக் கழற்ற வேண்டும்.

மெத்தனாலை உடைத்தால் கச்சிதமாக ஒன்றுக்கு இரண்டு. 300 டிகிரியைத் தாண்ட வேண்டாம், சிவக்கக் காயும் குழாய்கள் இல்லை, அடுப்பு சின்னது. ஆல்கஹால் கணக்கில் மிச்சமே பூஜ்யம். சின்ன யூனிட்டுக்கு இவ்வளவு பொருத்தமான வழி வேறு கிடையாது என்றுகூடச் சொல்லத் தோன்றும், மெத்தனால் பெரும்பாலும் கப்பலில் வருகிறது என்பது நினைவுக்கு வரும் வரை. கப்பல் விலைக்குப் பயப்படாதவர்கள் இதைப் பார்க்கலாம்.

“நம்ம நெய்வேலி இருக்கே மாமா?” என்றான். இருக்கிறது. 1960-களில் அங்கே லிக்னைட்டை வாயுவாக்கி யூரியா செய்தவர்கள் நாம். லெக்கோ கரியில் சமைத்த வீடுகள் இந்த மாவட்டத்தில் எத்தனையோ. லிக்னைட்டிலிருந்து மெத்தனால் செய்யும் திட்டமும் அறிவிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் திட எரிபொருளின் பிரச்சினை தலைகீழ். அங்கே மோனாக்சைடு கூடுதல், ஹைட்ரஜன் பற்றாக்குறை. திட எரிபொருளை வாயுவாக்கும் ஒரு கேஸிஃபையரில் ஒன்றுக்கு 0.7 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மெத்தனாலுக்கு 2 வேண்டுமென்றால் மோனாக்சைடில் 43 சதவீதத்தை நீராவியோடு சேர்த்து ஹைட்ரஜனாக மாற்ற வேண்டும். வாயுவில் பாதியை இந்த மாற்றத்தைச் செய்யும் ஷிஃப்ட் ரியாக்டர் வழியாகவும் மீதியைப் பக்கவாட்டிலும் விட்டு, பின்னால் கலக்க வேண்டும். பைபாஸ் வால்வு ஒன்றே கலவையைப் பிடித்துவிடும், கேட்க எளிது. அதற்கு முன்னால் பாதி ஈரமான லிக்னைட்டைக் காய வைப்பது, தாரையும் சாம்பலையும் கந்தகத்தையும் கழுவுவது என்று ஒரு தனி ஆலையே வேண்டும். 600 கனமீட்டருக்கு அது ஆகாது. சவுக்கு விறகு கேஸிஃபையர் பற்றியும் அவனுடைய எம்.டி. கேட்டாராம். காற்று ஊதி ஓட்டும் அந்த வாயுவில் ஏறக்குறைய பாதி நைட்ரஜன். அதைக் கரென்ட் எடுக்க ஓட்டட்டும்.

அளக்காமல் பிடிக்க முடியாது

எந்த வழியை எடுத்தாலும், விகிதத்தை எப்படி அளக்கிறார்கள் என்று கேட்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. மூன்று கொட்டேஷனிலும் அனலைசருக்கு ஒரே ஒரு வரிதான்.

ஜி.சி., அதாவது கேஸ் குரோமட்டோகிராஃப், எல்லா வாயுக்களையும் தனித்தனியாகப் பிரித்துச் சரியாகச் சொல்லும். ஆனால் ஒரு சுற்றுக்குச் சில நிமிடங்கள் எடுக்கும். அகச்சிவப்பு அனலைசர் மோனாக்சைடையும் டை ஆக்சைடையும் நொடிகளில் சொல்லும், ஹைட்ரஜன் அதற்குத் தெரியாது. ஹைட்ரஜனுக்கு வெப்பக் கடத்தல் அனலைசர். ஹைட்ரஜன் காற்றைவிட ஏழு மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும் என்பதை வைத்து அளப்பது. விலை மலிவு, வேகம் அதிகம், ஆனால் அது எந்த வாயு என்று பார்ப்பதில்லை. மொத்தக் கலவையின் கடத்தலைத்தான் பார்க்கிறது.

இது எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதை ஒரு ராத்திரி பார்த்தேன். எந்தக் கம்பெனி என்று சொல்ல வேண்டாம். அமீன் பம்ப் டிரிப் ஆனது; சின்கேஸில் டை ஆக்சைடு ஏறியது. டை ஆக்சைடு வெப்பத்தை மிக மெதுவாகக் கடத்தும். மீட்டர் அதை ஹைட்ரஜன் குறைந்துவிட்டதாக எடுத்துக்கொண்டது. கன்ட்ரோலர் தன் கடமையைச் செய்தது: உருவும் வால்வை மூடி, ஹைட்ரஜனைச் சேர்த்து அனுப்பியது. திரையில் விகிதம் ஒன்றுக்கு ஒன்று என்று அசையாமல் நின்றது, பச்சை நிறத்தில். ஜி.சி. மட்டும் பக்கத்து அறையில் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது, கேட்க ஆளில்லை. அடுத்த யூனிட்காரர்கள் போன் செய்து திட்டிய பிறகுதான் போய்ப் பார்த்தோம்.

எனவே என் ஏற்பாடு: வேகத்துக்கு அகச்சிவப்பும் வெப்பக் கடத்தலும், டை ஆக்சைடின் அளவை வைத்து ஹைட்ரஜன் எண்ணைத் திருத்தும் கணக்கு, ஒவ்வொரு சுற்றிலும் ஜி.சி. வந்து இரண்டையும் சரிபார்ப்பது. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் அலாரம். மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் இருந்தால் எல்லாம் ஒரே பெட்டியில், நொடிகளில். அதைப் பராமரிக்க ஆள் இருக்கிறதா என்று கேட்டேன். சிரித்தான்.

சாம்பிள் லைனைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடலோர ஈரத்தில், குளிரூட்டிய அனலைசர் அறைக்குள் நுழையும் குழாயில் தண்ணீர் கோத்துக்கொள்ளும். உப்புக்காற்று பட்ட சாதாரண 304 ஸ்டீல் குழாயில் சிவப்புப் புள்ளிகள் விழும், 316 கேளுங்கள். மோனாக்சைடு அதிகமுள்ள வாயுவை வெதுவெதுப்பான இரும்புக் குழாயில் தேங்கவிட்டால் இரும்புக் கார்போனைல் உருவாகும். அது போய் ரோடியத்தின் மேல் படியும்.

எங்கே போடுகிறோம் என்பது

இந்த சிப்காட்டின் பெயர் நாட்டுக்கே தெரியும். 2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் போட்ட மாசுக் குறியீட்டில் கடலூருக்கு 77.45, மிக மோசமாக மாசுபட்ட பகுதிகளின் பட்டியலில் அது இருந்தது. ஒரு பக்கம் உப்பனாறு, சுற்றிலும் குடியிருப்புகள். மத்தியானக் கடல்காற்று ஊரை நோக்கித்தான் அடிக்கும். மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. ஆகவே, மிச்சத்தை ஃபிளேரில் விட்டுக்கொள்ளலாம் என்று எந்தக் கொட்டேஷனிலாவது இருந்தால் அதை நான் ஒரு வழியாகவே எண்ணவில்லை. ஸ்டார்ட்அப்பும் டிரிப்பும் தவிர மற்ற நேரத்தில் ஃபிளேர் எரியக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொன்னேன்.

நான் எழுதிக் கொடுத்தது

ஆல்டிஹைடு மட்டும், பத்து வருடத்துக்கும் அதுதான், டை ஆக்சைடுக்குக் குழாயிலேயே ஆதாரம் கிடைக்கும் என்றால் முதல் கொட்டேஷனை மறுபடி எடுத்துப் பேசலாம். பாய்லர் வாய்க்கு நல்ல உலோகம் போடட்டும். ஆல்கஹால் என்றால் இரண்டாவதுதான், யோசிக்கவே வேண்டாம்.

நாலு நாள் கழித்து போன் வந்தது. “முதல் ரெண்டு வருஷம் ஆல்டிஹைடு, அப்புறம் ஆல்கஹால்னு சொல்றாங்க மாமா. அதுவும் உறுதியில்ல.”

அப்படியென்றால் இரண்டாவதையே எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அமீனில் பிடிக்கும் சொந்த டை ஆக்சைடைத் திருப்பி ரிஃபார்மருக்கு விட்டு மூன்றுக்கு இறக்க வேண்டும். பிறகு மெம்பிரேனில் ஒன்றுக்கு. உருவிய ஹைட்ரஜன் முதல் இரண்டு வருடம் அடுப்புக்கு. அதற்கு ஏற்ற பர்னரை இப்போதே வாங்க வேண்டும். ஹைட்ரஜன் சுவாலை சூடு அதிகம், பகலில் கண்ணுக்கும் தெரியாது. அடுப்பு தின்ன முடியாத நாட்களில் லோடைக் குறைத்து ஓட்டிக்கொள்ளட்டும். டை ஆக்சைடு டேங்கர் கிடைத்தால் இறக்க ஒரு இணைப்பு. ஹைட்ரஜன் லைனில், பின்னாளில் கம்ப்ரஸரும் பி.எஸ்.ஏ.வும் வர, வால்வோடு ஒரு பிளைண்ட் ஃபிளாஞ்ச் (மூடிவைத்த இணைப்பு வாய்).

அந்த ஃபிளாஞ்சுக்குக் கொட்டேஷனில் வரியே இல்லையாம். சேர்க்கச் சொல்லி எழுதியிருக்கிறான்.